நடுவயதில் ஓர் உல்லாச வண்டி

மனித வாழ்க்கையில் ஐம்பதாம் வயது ஒரு விசித்திரமான பருவம். பிள்ளைகள் வளர்ந்து தத்தம் வழியே சென்றுவிடுகின்றனர். வீட்டுக் கடன் ஏறக்குறைய அடைபட்டுவிடுகின்றது. உத்தியோகத்தில் இனி ஏறவேண்டிய படிகள் மிகச் சிலவே. இந்த வேளையிலேதான், இருபது வயதில் உள்ளத்தின் ஒரு மூலையில் மடித்து வைத்த ஆசை ஒன்று மெல்லத் தலைதூக்குகின்றது. சந்தைக்கும் கந்தோருக்கும் போய்வர வீட்டில் ஒரு வண்டி இருக்கவே செய்யும். ஆயினும், தேவை எதனையும் கருதாமல், ஓட்டும் இன்பம் ஒன்றையே கருதி மற்றொரு வண்டி வேண்டுமென்று மனம் கேட்கின்றது. ஒருவருக்கு அது வட்ட விளக்குகள் கொண்ட பழைய மொறிஸ் மைனர். இன்னொருவருக்கு உறுமிக்கொண்டு வரும் றோயல் என்பீல்ட் மோட்டார் சைக்கிள். வேறொருவருக்குக் கூரையை மடித்துவிட்டுக் காற்றோடு காற்றாகச் செல்லும் இரண்டாசனச் சிறு கார்.

அயலவர் இதனைக் கேள்வியுற்றால் நகைப்பர். "இந்த வயதில் இது என்ன கோலம்?" என்பர். மேனாடுகளிலும் இந்த நகைப்பு உண்டு. எலியட் ஜாக்ஸ் என்னும் கனடா நாட்டு உளப்பகுப்பாய்வாளர் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையில் 'நடுவயது நெருக்கடி' என்னும் தொடரை வழங்கினார். அவர் ஆராய்ந்தது பெருங் கலைஞர்களின் வாழ்க்கையை. தனக்கும் ஒருநாள் முடிவு உண்டு என்பதை மனிதன் வெறும் அறிவால் அன்றி உள்ளத்தால் உணரத் தொடங்கும் காலம் அது என்பது அவர் கருத்து. பின்னாளில் அத்தொடர் சிவப்புக் கார் வாங்கும் வழுக்கைத் தலையரின் கேலிச்சித்திரத்தோடு ஒட்டிக்கொண்டது. கேலி எவ்வாறாயினும், எஞ்சியுள்ள காலம் அளவுள்ளது என்று உணர்ந்தவன், விட்டுப்போன இன்பம் ஒன்றைத் தேடுவதிலே வெட்கப்பட ஒன்றும் இல்லை.

யாழ்ப்பாணத்திலே இன்று ஐம்பதை எட்டியிருப்பவருக்கு இந்த ஆசையில் தனியொரு நியாயமும் உண்டு. அவர் இருபது வயது இளைஞராய் இருந்தது 1990களில். குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத காலம் அது. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை முடுக்கி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, வெண்புகை சூழ வண்டி ஓட்டினர் மக்கள். பெரும்பாலோர்க்குச் சைக்கிளே வாகனம். நோயாளி சென்றதும் நெல்லுமூட்டை சென்றதும் அதன் மேலேயே. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் பெயர்ந்தபோது, வீட்டோடு வண்டியையும் விட்டுச் சென்றோர் பலர். இவ்வாறு இளமையில் ஓட்டவேண்டிய வண்டியை ஓட்டாமலே நடுவயதுக்கு வந்துவிட்ட தலைமுறை இது. அவர்களுடைய ஆசையை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடுதல் முறையன்று. ஆனால் நியாயமான ஆசையும் தவறான வண்டியில் ஏறினால் துன்பத்திலே போய் முடியும். ஆதலின் எவ்வாறு தெரிவது என்பதே கேள்வி.

இதற்கு வழிகாட்ட மோட்டார்ச் சஞ்சிகைகளைப் புரட்ட வேண்டியதில்லை. திருக்குறளில் 'வலியறிதல்' என்றோர் அதிகாரம் உண்டு. ஒரு செயலில் இறங்குமுன் செயலின் வலி, தன் வலி, எதிரியின் வலி, துணையின் வலி என நான்கையும் எடைபோட வேண்டும் என்று அது கூறுகின்றது. மயிலிறகே ஆயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் உவமையும் அதே அதிகாரத்தில் வருவது. அரசனுக்குச் சொன்ன இந்த அறிவுரை, ஐம்பது வயதில் வண்டி வாங்கப் புறப்படுபவனுக்கும் அப்படியே பொருந்தும்.

முதலாவது, வண்டியின் வலி. நடுவயதினர் செய்யும் முதற் பிழை, வலிமை கூடக்கூட இன்பமும் கூடும் என்று எண்ணுவது. இலங்கையில் நகருக்கு வெளியே கார்களுக்கு உரிய வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர்; அதிவேக நெடுஞ்சாலையில் 100. முந்நூறு குதிரைவலுக் கொண்ட காரை வாங்குபவர், அந்த வலுவில் ஒரு சிறு பங்கைத் தவிர மிகுதியை ஒருநாளும் முறையாகப் பயன்படுத்த மாட்டார். காலால் சற்று அழுத்திய மாத்திரத்தே வேக எல்லை வந்துவிடும். அதன் பின்னர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கடிவாளத்தை இழுத்துப் பிடித்தபடியே குதிரைச் சவாரி செய்வது போன்றது அது.

மொறிஸ் மைனரின் கதை இதற்கு மாறானது. 1948ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியிலே முதன்முதல் காட்சிக்கு வந்த இந்தக் காரை வடிவமைத்தவர், பின்னாளில் மினி காரையும் படைத்த அலெக் இசிகோனிஸ். மாதிரி வண்டி ஒடுக்கமாய் இருப்பதாக அவருக்குத் தோன்றவே, அதனை நெடுக்காக இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலம் கூட்டினார். மைனரின் முன்மூடியில் நடுவே ஓடும் மேடான பட்டி அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம். 1952 முதல் அதிற் பொருத்தப்பட்ட 803 கனசென்ரிமீற்றர் எஞ்சினின் வலு 30 குதிரைவலு மாத்திரமே. ஆனால் அந்த முப்பதையும் ஓட்டுபவர் முழுதாகப் பயன்படுத்துகின்றார். மேட்டைக் கண்டால் கியர் மாற்றவேண்டும். வளைவைக் கண்டால் முன்கூட்டியே எண்ணவேண்டும். ஸ்ரியறிங் கையோடு பேசுகின்றது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திலேயே ஒரு பிரயாணம் செய்த நிறைவு உண்டாகின்றது. பத்து இலட்சம் விற்ற முதலாவது பிரித்தானியக் கார் என்ற பெயரைப் பெற்றதும் இந்தச் சாதுவான வண்டியே.

புதுக்காலத்திலும் இந்த உண்மையை உணர்ந்தோர் உளர். ஜப்பானிய மஸ்டா நிறுவனம் 1989இல் எம்.எக்ஸ். 5 என்னும் இரண்டாசனக் காரை வெளியிட்டது. முதல் வண்டியின் எஞ்சின் 1,600 கனசென்ரிமீற்றர். எடை ஒரு தொன்னுக்கும் சற்றுக் குறைவு. அதனிலும் வேகமான கார்கள் அக்காலத்தில் எத்தனையோ இருந்தன. எனினும் 2016ஆம் ஆண்டளவில் பத்து இலட்சம் வண்டிகளை அந்நிறுவனம் செய்து முடித்தது. பாரம் குறைந்த வண்டி கையின் சொற்படி திரும்பும். பிறேக்கின் சொற்படி நிற்கும். ஓட்டுதலின் இன்பம் பெரிதும் இதிலேயே அடங்கியிருக்கின்றது.

மோட்டார் சைக்கிளைப் பொறுத்தவரையிலும் நீதி இதுவே. இங்கிலாந்திலே றெடிச் என்னும் ஊரில் பிறந்த றோயல் என்பீல்ட், 1955ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு கூட்டு நிறுவனமாகக் கால்கொண்டு, பின் திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைத்தது. தாய்நாட்டில் அதன் தொழிற்சாலைகள் மூடப்பட்டபின்னும் தமிழ்நாட்டில் அந்தத் தொழில் நிற்கவில்லை. தாய்மரம் பட்டுப்போக, பதியன் மரம் காய்த்துக் குலுங்கிய கதை அது. அந்நிறுவனம் அண்மைக் காலத்தில் செய்துவரும் 350 வகை வண்டிகளின் வலு ஏறத்தாழ 20 குதிரை. ஒற்றைச் சிலிண்டர் நிதானமாகத் துடிக்க, மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும்போதே அது தன் சிறப்பைக் காட்டும். அதற்கும் எளிமையானது ஹொண்டாவின் சுப்பர் கப். 1958இல் தோன்றி 2017க்குள் பத்துக் கோடி வண்டிகள் செய்யப்பட்ட இந்தச் சிறு மோட்டார் சைக்கிளை உல்லாச வண்டி என்று ஒருவரும் எண்ணுவதில்லை. ஆனால் மாலை வேளையிலே கடற்கரைத் தெருவில் அதனை ஒருமுறை ஓட்டியவர் அவ்வாறு சொல்லத் தயங்கார்.

இரண்டாவது, தன் வலி. இங்கே தான் மனிதன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளுகின்றான். ஆசை இருபது வயதினதாய் இருக்கலாம். உடம்பு ஐம்பது வயதினது. நாற்பதைக் கடந்ததும் கண்ணின் வில்லை நெகிழ்ச்சியை இழக்கத் தொடங்கும். வேகமானியைப் பார்த்துவிட்டுத் தூரத்தெருவைப் பார்க்கப் பார்வைக்குச் சற்று நேரம் பிடிக்கும். இருபது வயதில் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே அறுபது வயதில் எட்டுகின்றது என்பர் கண் நூலார். எதிரே வரும் விளக்கொளியில் கூசிய கண் தெளிவதற்கும் கூடிய நேரம் வேண்டும். கழுத்து முன்போல் திரும்பாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, கண்டது கைக்கு எட்டும் வேகம் குறைகின்றது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடிவிடும். அரை வினாடி தாமதம் என்றால் எட்டு மீற்றர். குறுக்கே வந்த சிறுவனுக்கும் வண்டிக்கும் இடையே இருக்கவேண்டிய எட்டு மீற்றர் அது.

எலும்பும் முன்போல் அன்று. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, 2001 முதல் 2008 வரை நிகழ்ந்த மோட்டார் சைக்கிள் விபத்துக்களை ஆராய்ந்தது. விபத்துக்குள்ளானோரில், இருபது முப்பது வயதினரோடு ஒப்பிடும்போது, நாற்பது ஐம்பது வயதினர் வைத்தியசாலையில் சேர்க்கப்படும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அறுபதைக் கடந்தோர்க்கு மூன்று மடங்கு. விழுதல் ஒன்றே, விழுகின்ற உடம்பு வேறு. ஐம்பது வயதில் மோட்டார் சைக்கிள் வேண்டவே வேண்டாம் என்பது இதன் பொருள் அன்று. ஐம்பது வயதுக்கு உரிய மோட்டார் சைக்கிளையே தெரியவேண்டும் என்பதே பொருள்.

அதற்கு எளிய சோதனைகள் சில உண்டு. ஆசனத்தில் அமர்ந்தால் இரு பாதங்களும் முழுமையாக நிலத்தில் படியவேண்டும். எஞ்சினை நிறுத்திய நிலையில் வண்டியை மணல் முற்றத்திலே பின்னோக்கித் தள்ளிப்பார்க்க வேண்டும். பக்கத் தாங்கியிலிருந்து நிமிர்த்தும்போது இடுப்பு முறையிடுகின்றதா என்று கவனிக்கவேண்டும். மேலே கூறிய 350 வகை என்பீல்டின் எடை 195 கிலோ அளவு. ரையம்ப் பொனவில் போன்ற பெரிய வண்டிகளின் எடை அதற்கும் மேலே செல்லும். சாய்ந்துவிட்ட வண்டியைத் தனியே நிமிர்த்த இயலாதவர் அந்த வண்டியில் தனியே நெடுந்தூரம் செல்லலாகாது. முழங்கால் நோவு உள்ளவர்க்கும், சேலை உடுத்துச் செல்லும் பெண்களுக்கும், 1946இல் இத்தாலியில் பிறந்த வெஸ்பா காட்டிய வழி உண்டு. கால் தூக்கிப் போடாமல் ஏறி, நிமிர்ந்து அமர்ந்து செல்லலாம். உல்லாச வண்டி ஆசை ஆண்களுக்கே உரியதன்று. பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் சென்றே இருபது ஆண்டைக் கழித்த தாய்க்கும், ஒருநாள் ஒருவரையும் ஏற்றாமல் ஓட்டிப்பார்க்க ஆசை இருத்தல் இயல்பே.

இன்னொன்று, கல்வி. இருபதில் ஓட்டினேன், ஐம்பதிலும் ஓட்டுவேன் என்பது தக்க வாதம் அன்று. இடையில் முப்பது ஆண்டு கார் ஓட்டிய கை, மோட்டார் சைக்கிளின் பழக்கங்களை மறந்திருக்கும். பலர் முன் பிறேக்குக்கு அஞ்சிப் பின் பிறேக்கை மாத்திரம் மிதிக்கின்றனர். வண்டி வேகம் தணியும்போது பாரம் முன்சக்கரத்துக்கே பெயர்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கைச் செய்வது முன் பிறேக்கே. அதனைப் படிப்படியாக இறுக்கப் பழகுதல் வேண்டும். ஒழுங்கான ஒருவரிடம் சில நாள் மீண்டும் பயில்வதில் இழிவு இல்லை. மாணவனாக இருக்க வெட்கப்படுகின்ற வயது எதுவும் இல்லை.

மூன்றாவது, எதிரியின் வலி. வண்டி ஓட்டுபவனுக்கு எதிரி என்று ஒரு மனிதன் இல்லை. தெருவிலே காத்திருக்கும் அபாயமே எதிரி. 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹரி ஹேர்ட் என்னும் அறிஞரின் தலைமையில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை நேரிலே சென்று ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். மோட்டார் சைக்கிளும் பிறிதொரு வண்டியும் மோதிய விபத்துக்களில் மூன்றில் இரண்டு பங்கிலே பிழை மற்ற வண்டிக்காரருடையது. அவர் பார்த்தார், ஆனால் மோட்டார் சைக்கிளைக் காணவில்லை. தப்புவதற்கு ஓட்டுநருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு வினாடிக்கும் குறைவு. விபத்துக்குள்ளானோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் முறையாகப் பயிலாதவர். தன்மேல் பிழை இல்லாதிருத்தல் போதாது என்னும் பாடத்தை இவ்வறிக்கை புகட்டுகின்றது.

நம் நாட்டுத் தெருக்களில் அபாயம் இன்னும் பல உருவில் வரும். ஒழுங்கையிலிருந்து திடீரென்று வெளிப்படும் சைக்கிள், இருளில் தெரு நடுவே படுத்திருக்கும் மாடு, துரத்தி வரும் நாய், மழை நாளில் நீர் மூடிய குழி ஆகியவற்றைப் பட்டியலிட வேண்டியதில்லை. ஆதலின் உல்லாசச் சவாரிக்கு உரியது பகற்பொழுது. தலைக்கவசம் மோட்டார் சைக்கிளின் விலையோடு சேர்ந்த ஒரு பாகமென்றே கருதப்படவேண்டும். அது மரண அபாயத்தை நூற்றுக்கு 42 பங்கும், தலைக்காயத்தை நூற்றுக்கு 69 பங்கும் குறைக்கின்றது என்று பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்தோர் கண்டுள்ளனர். சக்கரம் இறுகிச் சறுக்காமல் காக்கும் பிறேக் அமைப்பு 1988இல் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. முன்பு விலையுயர்ந்த வண்டிகளில் மாத்திரம் இருந்த அந்த அமைப்பு இன்று நடுத்தர வண்டிகளிலும் கிடைக்கின்றது. கூடுதலாகச் செலவழிக்கப் பணம் இருந்தால், அதைப் பெரிய எஞ்சினுக்குக் கொடுப்பதிலும் இந்த அமைப்புக்குக் கொடுப்பது புத்தி.

பழைய காரை விரும்புவோரும் தமக்கு அபாயம் இல்லை என்று எண்ணலாகாது. மைனரின் நான்கு சக்கரங்களிலும் இருப்பவை உருளை வடிவான பழைய பிறேக்குகள். தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடி தளரும். முன்னே செல்லும் புதிய வாகனம் நின்ற தூரத்தில் மைனர் நிற்காது. ஆரம்பகால வண்டிகளில் ஆசனப் பட்டியும் இல்லை. பட்டி பொருத்த உறுதியான இடம் பார்த்துப் பொருத்துவித்தல் வேண்டும். முன் வண்டிக்கும் தன் வண்டிக்கும் இடையே இருமடங்கு இடைவெளி விடுபவருக்கே பழைய கார் உரியது.

நான்காவது, துணையின் வலி. இதில் முதலிடம் பெறுபவர் மெக்கானிக். யாழ்ப்பாணத்திலே ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் அவை பிறந்த நாட்டாரும் வியக்கும்படி நெடுங்காலம் ஓடியமைக்குக் காரணம் இரும்பின் உறுதி மாத்திரம் அன்று. அவற்றைத் திறந்து பூட்டிய கைகளின் திறமையும் ஆகும். மண்ணெண்ணெயில் ஓடிய அதிசயத்துக்கும் விளக்கம் உண்டு. அந்த எஞ்சின்கள் எரிபொருட் கலவையை ஏழு மடங்கு அளவிலேயே நெருக்கின. பத்து மடங்குக்கு மேல் நெருக்கும் புதிய எஞ்சினில் மண்ணெண்ணெய் இட்டால், காலம் தவறி வெடித்து எஞ்சினைக் கெடுக்கும். பழைய எஞ்சின் எளியது. அதனால் பொறுமையும் உடையது. இன்று அந்தக் கைகள் மூப்படைந்துவிட்டன. கார்பறேற்றரின் ஓசையைக் கேட்டே பிணி சொல்லும் மெக்கானிக்குகள் ஒவ்வொருவராய்க் கடை பூட்டுகின்றனர். பழைய வண்டி வாங்குபவர், தம் ஊருக்கு அருகே அவ்வண்டி தெரிந்தவர் ஒருவர் உளரா, அவரிடம் தொழில் பழகும் இளைஞன் ஒருவன் உளனா என்று முதலில் விசாரிக்க வேண்டும். வண்டியைக் காண்பதற்கு முன்னரே வைத்தியரைக் காண்பது இங்கே முறையாகும்.

அந்த வைத்தியரோடு சென்று பார்க்கவேண்டியவை சில. மைனருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை, உடலே சட்டம். ஆகவே கதவின் கீழ்ப்பகுதியிலும் பின் வில்லுகள் பூட்டிய இடத்திலும் துரு ஏறியிருந்தால் அது அழகுக்கேடு மாத்திரம் அன்று, வண்டியின் முதுகெலும்பு இற்றுப்போனதாகும். உப்புக்காற்று வீசும் கரையோர ஊர்களில் நின்ற வண்டியை இருமடங்கு கவனத்தோடு தட்டிப் பார்க்கவேண்டும். ஒஸ்ரின் ஏ40 சோமசெற் வண்டிக்குத் தனிச்சட்டம் இருப்பதால் அதன் உடலைத் திருத்துதல் ஓரளவு எளிது. மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் கீழ் மூட்டுக்குக் கிறீஸ் அடியாமல் விட்டால், அது தேய்ந்து கழன்று, சக்கரம் ஒருநாள் மடிந்து விழும். வாங்கிய அன்றே செய்யவேண்டிய முதல் வேலை அந்த மூட்டைப் பார்ப்பித்தல். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002ஆம் ஆண்டோடு நின்றது. பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளை முன்னர் காத்தது அந்த ஈயமே. ஆதலின் கடினமான உருக்கு இருக்கைகள் பொருத்தப்பட்டுள்ளனவா என்றும் கேட்டறிதல் வேண்டும்.

வண்டியின் உடம்பைப் பார்த்தது போலவே அதன் கடதாசிகளையும் பார்க்கவேண்டும். பதிவுப் புத்தகத்தில் உள்ள சட்ட இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியில் பொறித்துள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று வண்டிகளின் பாகங்கள் ஒன்றாய்க் கூடிய வண்டிகளும் இந்நாட்டில் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேயே மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளிலே பழைய வண்டிகளின் விலையும் அளவுகடந்து ஏறியது. பளபளப்பான வர்ணத்தைக் கண்டு மயங்கி, கையில் உள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடுபவர் முதல் வருடத்துத் திருத்தச் செலவில் திணறுவார். மொத்தப் பணத்தில் மூன்றிலொரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிகுதிக்கு அடங்கிய வண்டியைத் தேடுவதே விவேகம்.

எரிபொருளையும் மறத்தல் ஆகாது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது, யூலை மாதத்தில் வந்த பங்கீட்டு முறையிலே காருக்கு வாரம் 20 லீற்றரும் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் என அளந்து கொடுத்தனர். பெரிய எஞ்சின்கள் வீட்டு வாசலிலே உறங்கின. சிறு எஞ்சின்கள் தம் சொந்தக்காரரைத் தேவையான இடத்துக்குக் கொண்டுசென்றன. சிறுமையின் பெருமை பஞ்ச காலத்திலே தான் தெரியும்.

துணை என்ற சொல்லுக்கு இல்வாழ்க்கையில் முதன்மையான பொருள் வேறு. கணவனுக்கோ மனைவிக்கோ சொல்லாமல் வாங்கிய வண்டி எப்பொழுதும் கசப்போடுதான் வீட்டுக்குள் நுழையும். ஐம்பது வயதில் குடும்பத்தின் வருவாய், கடன், பிள்ளைகளின் கலியாணம் யாவும் ஒருவர் உடம்பின் நலத்தைச் சார்ந்திருக்கலாம். அந்த உடம்பை இரண்டு சக்கரத்தின் மேல் ஏற்றுவதற்கு வீட்டாரின் சம்மதமும் வேண்டும். தக்க காப்புறுதியும் வேண்டும். இருவரும் சேர்ந்து சென்று, இருவரும் ஆசனத்தில் அமர்ந்து பார்த்துத் தெரிந்த வண்டி, பின்னர் இருவருக்கும் உரிய வண்டியாகும். பின்னாசனம் பலகைபோல் இருக்கும் மோட்டார் சைக்கிளில் ஒருமுறை ஏறிய மனைவி மறுமுறை ஏறார். மைனரின் முன்னாசனத்திலே அவர் பல ஆண்டு வருவார்.

இந்த நான்கையும் எடைபோட்ட பின்னரும் ஐயம் எஞ்சியிருந்தால், காலத்தை நீதிபதியாக்குதல் நன்று. ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பது பழமொழி. விரும்பிய வகை வண்டி ஒன்றை நண்பரிடம் இரவல் பெற்றோ வாடகைக்கு எடுத்தோ அந்த முப்பது நாளும் ஓட்டிப்பார்க்கலாம். முதல் வாரத்து மயக்கம் தெளிந்து, நாரி நோவும் வெயிலும் தெரியத் தொடங்கிய பின்னரும் விடியற்காலையில் மனம் அதன் திறப்பைத் தேடினால், அந்த ஆசை மெய்யான ஆசையே. அப்பொழுது வாங்குவதைத் தள்ளிப்போடலாகாது. ஐம்பதில் இயலுவது எழுபதில் இயலாது போகலாம். பணம் சேர்ந்த பின் என்றும், ஓய்வுபெற்ற பின் என்றும் தள்ளி வைத்தோர், கடைசியில் பேரப்பிள்ளைக்கு விளையாட்டுக் கார் வாங்கிக் கொடுத்து ஆறுதல் அடைவதைக் காண்கின்றோம்.

உல்லாச வண்டியின் தகுதியை அளக்கும் கோல் அதன் வலுவும் அன்று, விலையும் அன்று, அயலவர் வியப்பும் அன்று. வாங்கி ஒரு வருடம் கழிந்த பின்னர் அது சீலை போர்த்துக் கொட்டகையில் நிற்கின்றதா, அன்றி ஞாயிறுதோறும் வெளியே செல்கின்றதா என்பதே கோல். ஞாயிறு காலையிலே, வெயில் ஏறுமுன், பண்ணைத் தாம்போதியில் ஒரு மைனரோ ஒரு சிறு மோட்டார் சைக்கிளோ தீவுப்பக்கம் நோக்கிச் செல்கின்றது. இருபுறமும் கடல்நீர். வலைக் குச்சிகளின் மேல் நீர்க்காகங்கள். வேகம் மணிக்கு நாற்பது கிலோமீற்றர். எட்டு மணிக்குள் வண்டி மீண்டும் படலைக்குள் வந்துவிடும். வீட்டிலே காலைத் தேநீர் ஆறுமுன் அவரும் வந்து அமர்ந்துவிடுவார். முப்பது ஆண்டு காத்திருந்த ஆசைக்கு அவ்வளவு தூரம் போதும்.